மெலியக் கூடாத உடம்பு

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுப்பது என் வேலை. கிழமைக்கு இரண்டு நாள் பிள்ளைகளின் கிளினிக். கொஞ்சக் காலமாக உடம்பு வைத்த பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். டியூசன், கைத்தொலைபேசி, கடைச் சாப்பாடு என்று யாரும் கேட்காமலே காரணம் சொல்லிக்கொண்டு தாய்மார் பின்னால் நிற்பார்கள். நான் பிள்ளையின் கையைப் பிடிப்பதற்கு முன் கழுத்தைப் பார்ப்பேன். பின்கழுத்துத் தோல் தடித்து, கறுத்து, மடிப்பு விழுந்திருந்தால் எனக்கு விசயம் பாதி விளங்கிவிடும். போன மாதம் ஒரு தாய், நான் பார்ப்பதைக் கண்டு வெட்கப்பட்டு, சீலைத் தலைப்பால் மகனின் கழுத்தை அழுத்தித் துடைத்தார். ஒழுங்காகக் குளிக்கிறானில்லை என்றார்.

அது அழுக்கில்லை என்று அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. என் அம்மாவுக்கு அதைச் சொல்ல ஆள் கிடைப்பதற்குள் மூன்று வருடம் போய்விட்டது. அந்த மூன்று வருடமும் என் கழுத்துத் தோல் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எங்கள் ஊர் களுதாவளைக்குப் பக்கத்தில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணலில் இருக்கிறது. கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி. வாவிக்கு அங்காலே படுவான்கரை. அப்பாவுக்கு வெற்றிலைத் தோட்டம். வீட்டில் அப்பா, அம்மா, என்னிலும் ஆறு வயது மூத்த அக்கா, நான். அக்கா மெல்லிய உடம்புக்காரி, நெடுவல். ஓட்டத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இணையில்லை. அவளுக்குப் பதினைந்து வயதாயிருந்தபோது இல்ல விளையாட்டுப் போட்டியில் எண்ணூறு மீற்றர் ஓடி முதலாவதாக வந்தாள். அன்றைக்கு நானும் போயிருந்தேன். ஆனால் எனக்கு ஒன்பது வயது, கையில் ஐஸ்பழம், அது உருகுவதற்குள் தின்று முடிக்க வேண்டிய அவசரம். அக்கா ஓடியதில் எனக்கு எதுவும் நினைவில்லை. அந்த ஐஸ்பழத்தின் நிறம் நினைவிருக்கிறது.

போட்டி முடிந்து ஒரு கிழமை கழித்து, பின்னேர வகுப்பால் வரும் வழியில் அக்காவை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த இயக்கம் என்பது எங்களைப் போன்ற வீடுகளில் பெரிய வித்தியாசமாக இருக்கவில்லை. அவளோடு இன்னொரு பிள்ளையும் போனாள். அவள் எங்கள் அடுத்த ஒழுங்கைக்காரி, நல்ல மொத்தமான உடம்பு. அம்மாவும் அப்பாவும் தோணி ஏறிப் படுவான்கரைக்குப் போய், ஒரு முகாமின் வாசலில் இரண்டு நாள் இருந்தார்கள். கடைசியில் ஒருவர் வெளியே வந்து மரியாதையாகக் கதைத்தாராம். உங்கள் மகள் நன்றாக ஓடுகிறாள், அப்படிப்பட்ட ஆட்கள்தான் எங்களுக்குத் தேவை என்றாராம். பாராட்டுவதுபோலச் சொன்னார் என்று அப்பா பிறகு சொன்னார்.

பத்தாவது நாள் மற்றப் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பயிற்சியில் ஓடும்போது அவளுக்கு முழங்கால் இரண்டும் வீங்கி, மூச்சு முட்டி விழுந்துவிட்டாளாம். அந்தச் செய்தி வந்த பின்னேரம் அம்மா அவர்கள் வீட்டுக்குப் போனாள். திண்டது என்ன, குடித்தது என்ன என்று அந்தப் பிள்ளையின் தாயிடம் விசாரித்துவிட்டு வந்தாள் என்பது எனக்குப் பின்னால் தெரியவந்தது.

அடுத்த நாள் காலையிலிருந்து என் சாப்பாடு மாறியது. அம்மா ஒரு காரணமும் சொல்லவில்லை. புட்டுக்கு மேல் தேங்காய்ப்பூவும் சீனியும், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கட்டித் தயிரும் வாழைப்பழமும், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பால்மாத் தேத்தண்ணியும் பாணும். எனக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. அக்காவின் பங்கும் சேர்ந்து வருகிறது என்று நினைத்தேன். அவள் இல்லாத கவலையும் இருந்தது, தயிரும் நன்றாக இருந்தது. ஒன்பது வயதில் இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் வயிற்றுக்குள் இருக்கும்.

ஓடுவதும் நின்றது. எனக்கு மூச்சு இழுப்பு இருக்கிறது, விளையாட விட வேண்டாம் என்று அம்மா வகுப்பு ரீச்சருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். எனக்கு ஒரு நாளும் இழுப்பு வந்ததில்லை. மற்றப் பிள்ளைகள் மைதானத்துக்குப் போக, நான் வகுப்பில் இருந்து அவர்களின் புத்தகப் பைகளுக்குக் காவல் காத்தேன். ஒரு வருடத்தில் என் பெயர் மறைந்து பூசணிக்காய் என்று ஆனது.

அப்போதுதான் சுனாமி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா தோட்டத்தில். கடற்கரைப் பக்கமிருந்து சனம் கத்திக்கொண்டு ஓடி வந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒழுங்கையால் மேற்கே ஓடினாள். நூறு யார் தூரம் ஓடியிருப்பேன். பிறகு என் கால் வரவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஒரு வேலியடியில் குந்திவிட்டேன். அம்மா என்னைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் ஊட்டி வளர்த்த பாரம் அது. சனம் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. என்னை விட்டுவிட்டு ஓடும்படி நான் சொல்லவில்லை. கதைகளில் வரும் பிள்ளைகள் சொல்வார்கள். நான் அவளின் சீலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா என்னை ஒரு தென்னை மரத்தோடு சாய்த்து, தன் உடம்பால் மறைத்து, மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கறுப்பாக வந்தது. என் நெஞ்சு வரை ஏறி, இழுத்து, தள்ளி, வடிந்துபோனது. நாங்கள் கொஞ்சம் உள்ளே இருந்ததால் பிழைத்தோம். அதில் எங்கள் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. மத்தியானம் அப்பா எங்களைத் தேடிக் கண்டுபிடித்தபோது, நாங்கள் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான பேரோடு நனைந்த உடுப்புடன் இருந்தோம். நடந்ததை அம்மா சொல்லக் கேட்டுவிட்டு அப்பா முதல் தடவையாக அவளோடு சண்டை பிடித்தார். இந்தப் பிள்ளையை இனியாவது ஓட விடு, கடல் திரும்ப வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

அம்மா சத்தம் போடவில்லை.

"கடல் ஒருக்காத்தான் வரும். அவங்க ஒவ்வொரு நாளும் வாறாங்க."

அப்பா எழும்பி எங்களுக்கு உலர்ந்த உடுப்புத் தேடப் போனார்.

அந்தப் பள்ளிக்கூடத்திலும் பிறகு தகரக் கொட்டிலிலும் நாங்கள் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தோம். நிவாரணமாகக் கோதுமை மா, சீனி, பருப்பு, எண்ணெய், பால்மா எல்லாம் கிடைத்தன. பிள்ளைகளை நிறுத்துப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மிஸ்ஸி, தாதி, வருவார். மெலிந்த பிள்ளைகளுக்குச் சத்து பிஸ்கட் கொடுப்பார். நான் தராசில் ஏறினால் முள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு பிஸ்கட் இல்லை என்று மிஸ்ஸி சொன்னதும் அம்மாவின் முகத்தில் வந்த திருப்தியை எந்தத் தாயின் முகத்திலும் நான் அங்கே காணவில்லை. அவள் எங்கள் பருப்பைக் கொடுத்து அடுத்த கொட்டிலில் பால்மா மாற்றி வாங்கினாள்.

ஒரு நாள் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். யாரென்று ஒருவரும் கேட்பதில்லை. கொட்டில் கொட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். ஒருவர் என் வயதைக் கேட்டார். பதினொன்று என்றேன். வயதுக்கு மேலே வளர்ந்திருந்ததால் அவர் நம்பவில்லை. எழும்பி நிற்கச் சொன்னார். நின்றேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார், மற்றவர் சிரித்தார்.

"இது சரிவராது," என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த கொட்டிலுக்குப் போனார்கள்.

எனக்கு அழுகை வந்தது. யாரும் என்னை அப்படிப் பார்த்துச் சிரித்ததில்லை. அம்மாவோ மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கும் வரை அசையாமல் இருந்துவிட்டு, உள்ளே போய், எனக்கு ஒரு கோப்பை நிறையத் தயிர் கொண்டுவந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சாப்பாட்டின் காரணம் விளங்கியது. விளங்கிய பிறகு தயிர் முன்போல் இனிக்கவில்லை, ஆனாலும் தின்றேன்.

அந்த வருடம்தான் கழுத்துக் கறுக்கத் தொடங்கியது. முதலில் அது பள்ளிக்கூடத்தில் ரீச்சரின் கண்ணில் பட்டது. பெண் பிள்ளை சுத்தமாக வர வேண்டாமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அம்மா அன்று பின்னேரமே கிணற்றடியில் என்னை இருத்தி, காய்ந்த பீர்க்கங் கூட்டு நாரால் தேய்த்தாள். பிறகு தேசிக்காய்ப் பாதி, பிறகு மஞ்சளும் உப்பும், கடைசியில் தேங்காய்த் தும்பு. தோல் உரிந்து எரியும். கறுப்புப் போகாது. அடுத்தது கைக்கு அடியில் கமக்கட்டு கறுத்தது. அம்மாவுக்கு என் உடம்பில் அவள் சொல் கேட்காத ஒரே இடம் அந்தக் கழுத்துத்தான் என்பதுபோல ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தேய்ப்பாள், அன்று விடிந்தாலே நான் கிணற்றடிப் பக்கம் போகாமல் ஒளிந்து திரிவேன்.

யுத்தம் திரும்பவும் தொடங்கியது. படுவான்கரையிலிருந்து சனம் மூட்டை முடிச்சோடு எங்கள் பக்கம் வந்தது. பிறகு அந்தக் கரையும் இராணுவத்தின் கையில் விழுந்தது. எங்கள் மாவட்டத்தில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். ஆனால் ஆட்களைப் பிடிப்பது நிற்கவில்லை. பிடிப்பவர்கள் மாறியிருந்தார்கள், அவ்வளவுதான். அக்கா வன்னியில் இருப்பதாக ஒரே ஒரு கடிதம் வந்திருந்தது. அதில் என்னைப் பற்றி எழுதியிருந்தாள், நான் நன்றாக ஓட வேண்டுமாம்.

பதினான்கு வயதில் என் நிறை எண்பத்துநான்கு கிலோ. சாப்பிட்டவுடன் கண் சொருகும். படி ஏறினால் மூச்சு வாங்கும். எழுதிக் கொடுத்த பொய் கிட்டத்தட்ட உண்மையாகியிருந்தது. அதையெல்லாம் அம்மா பொருட்படுத்தவில்லை. ஆனால் ஐந்து மாதமாக எனக்குத் தீட்டு வரவில்லை என்றதும் பயந்துபோனாள். கலியாணமாகாத பிள்ளைக்குத் தீட்டு நின்றால் ஊர் என்ன கதைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஒருவருக்கும் சொல்லாமல் என்னை மட்டக்களப்புக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். அந்த நடைக்கே நான் வியர்த்து ஊற்றினேன்.

டொக்டர் ஒரு இளம் பெண். என்னைப் பரிசோதித்துக்கொண்டு வந்தவர், தலைமுடியை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். தோல் ஏன் இப்படி உரிந்திருக்கிறது என்று கேட்டார். நான் கவனமாகத்தான் குளிப்பாட்டுகிறேன், தேய்த்தும் பார்த்துவிட்டேன், போகுதில்லை என்று அம்மா குற்றவாளிபோலச் சொன்னாள்.

"அம்மா, இது அழுக்கில்ல. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. இது உள்ளுக்க இருந்து வாறது."

அம்மா என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் அந்த நேரம் இரக்கம் வரவில்லை. மூன்று வருடச் சனிக்கிழமைகளும் ஒன்றாக எரிந்தன.

இரத்தம் எடுத்தார்கள். அடுத்த கிழமை போனபோது டொக்டர் முடிவைப் பொறுமையாக விளக்கினார். சாப்பாட்டில் வரும் சீனியை உடம்பின் தசைகள் எடுத்துக்கொள்ள இன்சுலின் என்று ஒன்று சொல்ல வேண்டும். என் தசைகள் அந்தச் சொல்லைக் கேட்பதில்லை. ஒரு தரம் கூப்பிட்டால் வராத பிள்ளையைத் தாய் பத்துத் தரம் கூப்பிடுவதுபோல, உடம்பு இன்சுலினை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. கழுத்துக் கறுத்ததும் தீட்டு நின்றதும் அதனால்தான். இன்னும் சீனி வருத்தம் வரவில்லை, எல்லையில் நிற்கிறது. இந்த வயதில் திருப்பி எடுக்கலாம், விட்டால் கலியாண வயதில் மருந்தோடும் ஊசியோடும்தான் இருக்க வேண்டிவரும். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலமாவது வியர்க்க வியர்க்க உடம்பை இயக்க வேண்டும். சீனித் தேத்தண்ணியை விட வேண்டும். ஆறு மாதத்தில் திரும்பவும் பார்ப்போம் என்றார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"டொக்டர், உடம்பு மெலியாம வருத்தத்த மட்டும் குறைக்க ஒண்ணாதா?"

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்பைக் குறைக்க வழி கேட்டுத்தான் அவரிடம் ஆட்கள் வருவார்கள். அவர் ஏன் என்று கேட்டார். அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். வெளியே வாங்கில் நிறையப் பேர் இருந்தார்கள்.

"மூத்தவ மெலிஞ்சவ," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். டொக்டரின் சிரிப்பு நின்றது. பிறகு, அவர் ஒரு டொக்டராகச் சொல்லக்கூடிய உண்மையைச் சொன்னார். உடம்பை ஒழுங்காக இயக்கினால், தராசு முள் இறங்காவிட்டாலும், உள்ளே நல்லது நடக்கத் தொடங்கும், தசைகள் சொல் கேட்கத் தொடங்கும். நிறை குறைந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதைப் பிறகு பார்ப்போம், இப்போது இயக்கம்தான் முக்கியம் என்றார். இயக்கம் என்ற சொல்லைக் கேட்டு அம்மா ஒரு தரம் திடுக்கிட்டாள். நான் இன்றும் பிள்ளைகளின் தாய்மாருக்கு உடற்பயிற்சி என்றுதான் சொல்வேன்.

ஆனால் எங்கே ஓடுவது? விடியற்காலையில் றோட்டில் ஒருவர் ஓடினால், ஏன் ஓடுகிறார், எதை வைத்துவிட்டு ஓடுகிறார் என்று காவலரணில் நிற்பவர்கள் நினைக்கும் காலம் அது. பெண் பிள்ளை ஓடினால் ஊரே நின்று பார்க்கும். பார்க்க வேண்டாதவர்களும் பார்ப்பார்கள். ஆறு மாதத்தை ஒரு பக்கமும் மோட்டார் சைக்கிள்களை மறுபக்கமும் வைத்துக்கொண்டு அம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் என்னை அப்பாவின் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வெற்றிலைத் தோட்டம் ஒளிந்துகொள்ள நல்ல இடம். காற்றும் வெயிலும் படாமல் இருக்கச் சுற்றிவரத் தென்னோலைக் கிடுகு அடைத்திருக்கும். உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் கொடி ஏறியிருக்கும். வெளியே நிற்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. மணல் தரை என்பதால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு கையிலும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியிலிருந்து ஒரு வரிசை முடிவு வரை போய், ஊற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். அப்பா அதை முப்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தார், அவருக்கு அது உடற்பயிற்சி என்று தெரியாது.

முதல் நாள் நான்கு தடவை போய் வந்ததும் சத்தி எடுத்தேன். மணலில் குந்தியிருந்து அம்மாவைப் பார்த்து, தீத்தித் தீத்தி இப்படி ஆக்கியதும் நீ, இப்போது மாடுமாதிரி வேலை வாங்குவதும் நீ என்று கத்தினேன். அவள் என் வாயைத் துடைத்துவிட்டு, பூவாளியை நிரப்பிக் கையில் தந்தாள். இரண்டு கிழமையில் பத்துத் தடவை, இரண்டு மாதத்தில் முப்பது. தண்ணீர் இல்லாமல் திரும்பி வரும்போது ஓடச் சொன்னாள். வெறும் பூவாளிகள் இரண்டு பக்கமும் அடிபட, கொடிகளுக்கு நடுவில் நான் ஓடினேன்.

அம்மா படலையடியில் காவல் நிற்பாள். அந்நியர் யாராவது வந்தால் கோழியைக் கூப்பிடுவதுபோலப் பா, பா, பா என்று கூப்பிடுவாள். உடனே நான் பூவாளியை வைத்துவிட்டு இருந்து வெற்றிலை அடுக்க வேண்டும். கோழிகளும் நம்பி ஓடி வரும். தீன் இல்லாமல் ஏமாந்து போகும். கொஞ்ச நாளில் அவை அவளை நம்புவதை விட்டுவிட்டன, உண்மையாகவே தீன் போடும்போதும் வரவில்லை. அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்கா போன பிறகு அவர் சிரித்தது அந்தக் கோழிகளால்தான்.

வெளியே நான் பழைய பூசணிக்காயாகவே இருக்க வேண்டும். அது அம்மாவின் கட்டளை. றோட்டில் மெல்ல நட, இடைக்கிடை நின்று மூச்சு வாங்கு என்றாள். "மெல்ல புள்ள, மெல்ல" என்பது படலையைத் தாண்டும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் கேட்கும். நான் அதில் தேர்ந்துவிட்டேன். பள்ளிக்கூடப் படியில் பாதி ஏறிவிட்டு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ரீச்சர்மார் பாவப்பட்டு எனக்குக் கதிரை போடுவார்கள். பின்னேரம் அதே கால்களால் நாற்பது தடவை தண்ணீர் சுமப்பேன்.

ஆறு மாதத்தில் திரும்ப இரத்தம் கொடுத்தோம். சீனி எல்லைக்குள் வந்திருந்தது. தீட்டு ஒழுங்காகியிருந்தது. நிறை மூன்றே மூன்று கிலோதான் குறைந்திருந்தது. நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது அம்மா என்றார் டொக்டர். அம்மா அவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு பரீட்சையிலும் அவளை அப்படிச் சந்தோசப்படுத்தியதில்லை.

பிறகு உடம்பு அவளுடைய ஒப்பந்தத்தை மதிக்கவில்லை. எனக்கு நெடுப்பு வந்தது, இடுப்பு வந்தது, கன்னம் வற்றியது. தொளதொளத்துப்போன வெள்ளைச் சீருடையைப் பிடித்துத் தைத்துச் சிறிதாக்க அம்மா மறுத்துவிட்டாள். உள்ளே இன்னொரு பழைய சட்டையைப் போடவைத்து, அதற்கு மேலே அந்த அகலச் சீருடையைப் போடச் சொன்னாள். வைகாசி வெயிலில் இரண்டு சட்டையோடு நான் அவிந்தேன்.

அந்த வைகாசியில்தான் யுத்தம் முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். அம்மா அன்று அக்காவின் கடிதத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். பிறகு அக்காவைத் தேடத் தொடங்கினாள். வவுனியா முகாம்களுக்குப் போனாள், அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் போனாள், சரணடைந்தவர்களின் பட்டியல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டால் அங்கே போனாள். ஒரு கந்தோரில் படிவம் கொடுத்தார்கள். உயரம், நிறை, உடல்வாகு என்று அதில் இடம் இருந்தது. அக்காவுக்கு அப்போது இருபத்தொரு வயது. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் பதினைந்து வயது நிறை. அதைத்தான் நான் எழுதினேன். உடல்வாகு என்ற இடத்தில் மெலிந்தவர் என்று எழுதும்போது அம்மா என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிவத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அடுத்த வருடம் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் எடுத்தார்கள். நான் ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்க என்னை மறந்து ஓடியதை விளையாட்டு சேர் கண்டுவிட்டார். இழுப்புக்காரி ஓடுகிற ஓட்டமா இது என்று கேட்டார். எண்ணூறு மீற்றருக்கு என் பெயரை எழுதினார். அம்மா முடியாது என்றாள். எல்லாம் முடிந்துவிட்டது, இனி யார் வரப்போகிறார்கள் என்று அப்பா மூன்று நாள் விடாமல் கேட்டார். நான்காம் நாள் அவள் ஓம் என்றாள். ஆனால் தானும் வருவேன் என்றாள்.

எங்கள் மைதானம் சின்னது, நாலு சுற்று ஓட வேண்டும். இரண்டாம் சுற்றில் நான் மூன்றாவதாக இருந்தேன். மூன்றாம் சுற்றில் இரண்டாவது. என் கையில் பூவாளி இல்லாதது எனக்குப் பறப்பதுபோல இருந்தது. கடைசிச் சுற்றில் முன்னால் ஓடியவளை எட்டிப் பிடித்தேன். அவள் மூச்சு எனக்குக் கேட்டது, என் மூச்சு அதைவிட நிதானமாக இருந்தது. அவளைத் தாண்டினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் ஓடு, ஓடு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஒரு குரல் தனியாகக் கேட்டது.

"மெல்ல புள்ள, மெல்ல."

என் கால் அந்தக் குரலுக்குப் பழகிய கால். நான் யோசிக்கும் முன்னமே அது தளர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுற்றிவர நின்ற சனத்தின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் என்னைக் கடந்து போனார்கள். நான் நாலாவதாக வந்தேன்.

பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது எனக்கு அடக்க முடியாத கோபம். யுத்தம் முடிந்து ஒரு வருடமாகிறது, நான் முதலாவதாக வந்திருப்பேன், உன்னால்தான் கெட்டது என்றேன். ஊரே ஓடச் சொல்லும்போது எந்தத் தாய் மெல்ல என்று கத்துவாள் என்று கேட்டேன். அவள் நடந்துகொண்டே சொன்னாள்.

"அண்டைக்கு உன்ட அக்காட ஓட்டத்தில ஆரும் கத்தல்ல. நான்தான் கயிற்றடியில நிண்டு ஓடு, ஓடு எண்டு கத்தின. அவள் ரெண்டாவதாத்தான் வந்துகொண்டிருந்தவள். என்ட சத்தத்தக் கேட்டுத்தான் முந்தினவள்."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடச் சந்தியில் எங்கள் பஸ் திரும்புவது தெரிந்தது. அதை விட்டால் அடுத்தது ஒரு மணித்தியாலம் கழித்துத்தான். அம்மா சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, ஓடு புள்ள என்றாள்.